கிள்ளானுக்கு ரேவதி நட்சத்திரம்

லோகா கிள்ளான்காரி. கே.எல். நகரத்தில், செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அது எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது. லிஃப்ட் பாதியில் நின்றால் நாங்களெல்லாம் கதவைத் தட்டிக் கத்துவோம். அவள் மட்டும் மூலையில் சாய்ந்துகொண்டு, "கிள்ளான்ல லிஃப்டே வேணாம் லா. எல்லாம் தரை வீடு. கதவத் தொறந்தா ரோடு" என்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பாதி நாள் வரமாட்டாள். நானும் பாதி நாள் வரமாட்டேன். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. நான் எதற்கு மட்டம் போட்டேன் என்பது வாத்தியாரிலிருந்து கேன்டீன் ஆன்டி வரை எல்லோருக்கும் தெரியும். அவள் எதற்கு வரவில்லை என்று நான் கேட்டதே இல்லை. எந்நேரமும் அவள் தலையில் ஒரு தொப்பி. கேட்டால், "கிள்ளான் ஃபேஷன்" என்பாள். நம்பிவிட்டேன். படிப்பு எனக்கு ஏன் ஏறவில்லை என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

எங்கள் கே.எல். பிரிக்பீல்ட்ஸைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் போதும், அவளுக்கு மூக்கு விடைக்கும். "அது பெயின்ட் அடிச்சு செஞ்ச லிட்டில் இந்தியா. எங்களது தானா வளந்தது." முறுக்கு, பூமாலை, வெயில், மழை, எதை எடுத்தாலும் கிள்ளானில் ஒரு படி மேல். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை.

"திருவிழாவுக்கு அம்மன் ரதம் எங்க வீட்டு வாசல்ல நிக்கும்."

"ஏன், உங்க வீடு என்ன பஸ் ஸ்டாப்பா?"

"நிக்கும்னா நிக்கும்."

"உங்க வீட்டத்தான் வித்துட்டீங்களே. இப்ப யாருக்காக நிக்கும்?"

அவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பந்தயம் கட்டினாள். ரதம் நின்றால், கிள்ளான்தான் பெஸ்ட் என்று நான் நடுரோட்டில் நின்று கத்த வேண்டும். நிற்காவிட்டால், அவள் ஆயுசுக்கும் கிள்ளான் பேச்சையே எடுக்கக் கூடாது. அவளிடமிருந்து கிள்ளானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஜெயிக்கப்போகிறேன் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

திருவிழா அன்று அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் மாறினோம். கிள்ளானில் இறங்கியதும் லோகா வேறு ஆளாகிவிட்டாள். பூக்கடை அக்கா கடைக்குள்ளிருந்தே, "ஏ லோகா, எப்படி எளச்சிட்ட!" என்று கத்தினார். வடைக்கார அங்கிள் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சுல்தான் மகள் தோற்றுப்போவாள். ஆனால் நடை மட்டும் மெதுவாக இருந்தது. அடிக்கடி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கிள்ளான் ஆமை" என்றேன்.

"ஆமைதான் ஜெயிக்கும், பாத்துக்க."

அந்த வீடு தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. இப்போது ஒரு சீன ஆன்டி இருந்தார். வாசலில் சிவப்புச் சாமி மாடம், ஊதுபத்திப் புகை. லோகா கேட்டைத் தட்டி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, கையைக் காலை ஆட்டி விளக்கினாள். ஒரு மேசை போட வேண்டும், தட்டு வைக்க வேண்டும், சாமி வரும், நிற்கும். ஆன்டி தலையாட்டிக்கொண்டே கேட்டார். "போலே, போலே", ஆகட்டும் ஆகட்டும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

மேசை வந்தது. தட்டும் வந்தது. தட்டில் ஆரஞ்சுப் பழம், அன்னாசி, சாமிக்குத் தாகம் எடுக்குமே என்று ஒரு டின் சோயா பால். "அம்மனுக்கு ஸ்ட்ரா வேணாமா?" என்று கேட்டேன். லோகா கிள்ளினாள். அவளுடைய அம்மா தேங்காய், வெற்றிலை, சூடம் எடுத்து வைத்தார். தெருவில் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். ஆன்டியும் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினார். அவருடையது வெறும் தண்ணீர். இருந்தாலும் எங்களைவிட அதிகமாக ஊற்றினார்.

சாயங்காலம் உறுமிச் சத்தம் கேட்டது. ரதம் வளைவில் திரும்பியது. விளக்கும் பூவுமாக அம்மன் ஆடி ஆடி வந்தாள். முன்னால் கோவில் டி-சட்டை போட்ட ஓர் அண்ணன், வாயில் விசிலோடு. பக்கத்து வீட்டில் ரதம் நின்றது. அர்ச்சனை முடிந்து புறப்பட்டது. எங்கள் மேசையைப் பார்த்த அண்ணன் கையை வீசினார்.

"இது சீனவங்க வீடு. நேரமாச்சு, போ போ!"

ரதம் நகர்ந்தது. எனக்கு வாயெல்லாம் பல். லோகாவைத் திரும்பிப் பார்த்தால், அவள் பக்கத்தில் இல்லை. நடுத்தெருவில் ரதத்துக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் முடி இல்லை.

"அண்ணே! நான் லோகா! இது எங்க வீடுண்ணே!"

அண்ணன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே வாயில் வைத்து, தெருவே அதிர ஊதினார்.

ரதம் நின்றது.

ஐயர் மேலிருந்து குனிந்து தட்டை வாங்கினார். சோயா டின்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"லோகேஸ்வரி, ரேவதி நட்சத்திரம்" என்றார் அவளுடைய அம்மா. அதற்காகவே வந்தவரைப் போல முந்திக்கொண்டு சொன்னார்.

"இல்ல சாமி" என்றாள் லோகா. "கிள்ளான் பேருக்குப் பண்ணுங்க."

"ஊர் பேருக்கா? கிள்ளானுக்கு என்னம்மா நட்சத்திரம்?"

"டிராஃபிக் ஜாம் நட்சத்திரம் சாமி!" என்று நான் கத்தினேன். உறுமிக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

லோகா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "என்னோடதையே ஊருக்குக் குடுத்துடுங்க சாமி. ரேவதி."

ஐயர் அவளுடைய அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிள்ளான் பட்டணத்தின் பெயரையும் ரேவதி நட்சத்திரத்தையும் முறையாகச் சொல்லி அர்ச்சனை செய்தார். சீன ஆன்டி கும்பிட்டபடி நின்றார். நான் பந்தயத்தில் தோற்றவன். நடுரோட்டில் நின்று, "கிள்ளான்தான் பெஸ்ட்! கே.எல். அவுட்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். செந்தூலில் பிறந்தவனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. ஆனால் கத்தும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எப்பேர்ப்பட்ட சிநேகிதி! போகிற ரதத்தையே நிறுத்தியவள்!

இப்போது நான் லோரி ஓட்டுகிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு அடிக்கடி சரக்கு ஏற்றிப் போவேன். திருவிழா அன்று மட்டும் லோரியை விட்டுவிட்டு, கொமுட்டரில் சும்மா போவேன். ஆன்டிக்கு வயதாகிவிட்டது. மேசை மட்டும் தவறாமல் வாசலுக்கு வந்துவிடும், சோயா டின்னோடு. போன வருஷம் புதிதாக வந்த ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இல்லாதவர்கள் பேரில் அர்ச்சனை செய்ய மாட்டார்கள். "கிள்ளான், ரேவதி நட்சத்திரம்" என்றேன். அவர் என்னைக் குடிகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். விசில் அண்ணன், இப்போது தலை நரைத்தவர், கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "போடுங்க சாமி. எங்க ஊருக்கு அதான் நட்சத்திரம்."

அந்த வீட்டை ஏன் விற்றார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஏன் குடிவந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அன்று தெரியாது. திரும்பி வரும் கொமுட்டரில், லோகா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது. இத்தனை தூரம் வந்து செய்த அர்ச்சனை ஊருக்குப் போய்விட்டதே என்று வருத்தம் போலிருக்கிறது என நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"கவலப்படாதீங்க ஆன்டி" என்றேன். "அடுத்த வருஷம் லோகா பேருக்குப் பண்ணிக்கலாம்."

அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். லோகா ஜன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"அடுத்த வருஷமும் கிள்ளானுக்குத்தான் லா."