மூன்று தரம் கூப்பிடுகிறவள்

நூர்ஜஹான் போய்விட்ட செய்தி வந்தபோது நான் பெண்கள் வார்டில் ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. அவள் கணவர் சலீம் பாய். “செல்விம்மா, அசர் தொழுகைக்கு உக்காந்தவ எந்திரிக்கவே இல்லைம்மா” என்றார். அந்த மூன்றாவது தரம் கூப்பிடாமலே போயிற்று.

நானும் அவளும் நம்ம ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் நர்ஸ் வேலையில் சேர்ந்தவர்கள். அவள் வாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திட்டு வாங்காதவர் நம்மில் யார்? லேப் பேப்பர் வந்தால் உடனே படிக்க மாட்டாள். மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முதலில் கட்டிலுக்குப் போவாள். “ஆளுதான் அசலு, பேப்பரு ஜெராக்ஸு” என்பாள்.

பாலக்கோட்டில் தக்காளி லோடு ஏற்றுகிற ஒருவர் காய்ச்சலென்று வந்து படுத்திருந்தார். அவருடைய பேப்பரில் பொட்டாசியம் எங்கேயோ ஏறிக் கிடந்தது, கால்சியம் இல்லவே இல்லை என்கிற மாதிரி. அந்த எண்களோடு எந்த இதயமும் துடிக்காது. அவரோ பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் இடுப்பில் கைவைத்து நின்றாள். “அண்ணே, பேப்பர்படி நீங்க போய்ச் சேந்தாச்சு. டீயையாவது குடிச்சு முடிச்சுட்டுப் போங்க.” அவர் சிரித்தார். பிறகு டீயைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து இருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு, கால்சியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். யாரோ அந்த ரத்தத்தை, பொட்டாசியம் பார்க்கிற சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றிவிட்டார்கள். மறுபடி எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது.

அதனால்தான் பெண்கள் வார்டில் மாதம்மாளின் பேப்பரில் பொட்டாசியம் ஏறி வந்தபோது, “இதுவும் ஊதா மூடி வேலைதான்” என்று நான் சிரித்தேன். நூர்ஜஹான் சிரிக்கவில்லை.

“கால்சியம் சரியா இருக்குதே, செல்வி.”

ரத்த அணு உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும், ஆனால் குழாயில் தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். லேபுக்குப் போன் போட்டுக் கேட்டாள். நிறம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றார்கள். போனை வைத்துவிட்டு அவள் சொன்னது இன்னும் என் முதுகில் ஊர்கிறது: “நம்பரு நெசம். ஆளுதான் வேற.”

வத்தல்மலையிலிருந்து வந்த மாதம்மாள் கட்டிலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். நாடி நன்றாக ஓடியது. “ஆயா, ரத்தம் குடுத்தீங்களா?” என்று நூர்ஜஹான் கேட்டாள்.

“எனக்கெங்க எடுத்தாங்க? ஒரு தரம் பேரக் கூப்புட்டாங்க. வெளக்கு வெக்கிற நேரத்துல ஒரு தரம் கூப்புட்டா ஊங்கொட்டக் கூடாது தாயி. அது மனுசக் கொரலா இருக்காது.”

“அப்ப யாரு ஊங்கொட்டுனது?”

“தெரியாது. எம்பேருக்கு யாரோ ஊங்கொட்டுனாங்க. நான் கண்ணத் தொறக்கல.”

சாவின் எண் ஒன்று வார்டுக்குள் சொந்தக்காரி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தது. நூர்ஜஹான் பேப்பரைக் கையில் பிடித்தபடி கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொரு மணிக்கட்டையும் தொட்டாள். சுவரோரக் கட்டிலில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தவர் முனியம்மாள், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், அன்று மதியம்தான் அசதியென்று சேர்ந்தவர். அவருக்கு இன்னும் ரத்த டெஸ்டே எழுதவில்லை. ஆனால் முழங்கை மடிப்பில் பஞ்சு இருந்தது. அவர் பெயரைக் கேட்டோம். ஊம் என்றார். மாதம்மாளா என்று கேட்டோம். அதற்கும் ஊம் என்றார். நாடி விட்டுவிட்டு அடித்தது. “காலு எங்கிட்ட இல்லீங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

டாக்டர் ஓடிவந்தார். ஈசிஜியில் அலைகள் கூர் கூராக நின்றன. கால்சியம் ஊசி போட்டு, டயாலிசிசுக்கு அனுப்பினோம். கிட்னி பழுதாகியிருந்தது. அந்தக் காலோடு முனியம்மாள் பிறகு நடந்தே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நூர்ஜஹான் யாரையும் மூன்று தரம் கூப்பிடுவாள். அவர்கள் வாயாலேயே பெயரைச் சொல்லவைப்பாள். “பேய் ஒரு தரந்தான் கூப்புடுமாம். நாம பேயில்லன்னு அவங்களுக்குத் தெரியணும்ல?”

மௌத்து வீட்டில், அவள் உடலருகே, சலீம் பாய் ஒரு பேப்பரை என்னிடம் நீட்டினார். இறப்பதற்குச் சில நாள் முன்புதான் வெளியே டெஸ்ட் எடுத்திருக்கிறாள். “எல்லாம் நார்மல்னுதானேம்மா போட்டிருக்குது?” படித்தேன். பேப்பரில் ஒரு குறையும் இல்லை. அசல் வெள்ளைத் துணிக்குள் கிடந்தது. ரத்தம் எடுத்தவர்கள் அவள் பெயரை எத்தனை தரம் கூப்பிட்டார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப் போகிறது? அழத்தான் முடிந்தது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது மூன்று தரம் கூப்பிடுகிற அந்தப் பழக்கம்தான். வார்டில் அதை விடுவதில்லை. நேற்று விளக்குப் போடும் நேரத்தில் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து “செல்வி” என்று ஒரு குரல். அவள் குரலேதான். திரும்பவில்லை, ஊங்கொட்டவும் இல்லை. அவளாக இருந்தால் இன்னும் இரண்டு தரம் கூப்பிடுவாள். ஊசியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன், கூப்பிட மாட்டாளா என்று.