முப்பத்தெட்டுப் பெட்டிகள்

விமானம் எங்கே இருக்கிறது என்பதை வெளியே எட்டிப் பார்க்காமலே சொல்லும் பெட்டி அது. எந்தப் பக்கம் திரும்பினோம், எவ்வளவு வேகம் பிடித்தோம் என்று தானே உணர்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த உணர்வில் மயிரிழை பிசகினால் போதும், போகப்போக மைல் கணக்கில் விலகிவிடும். பெட்டியைச் சுழல்மேசையில் ஏற்றி, பிசகை அளந்து, திருத்திக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினாறு வருஷ அனுபவம். சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘ரசமட்டம்’.

ஒருநாள் அவள் கையெழுத்திட்ட பெட்டிகள் மூன்று திரும்பி வந்தன. ஒவ்வொன்றோடும் வந்த புகார்ச் சீட்டு மணிக்கு மூன்று மைல் விலகல் என்றது. மேசையில் ஏற்றிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

“விமானிங்க ஏதாவது தப்பா அழுத்தியிருப்பாங்க. திருப்பி அனுப்பிடுங்கம்மா” என்றார் மேலாளர்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சீட்டுகளைத் துருவினாள். மூன்றுமே இரவெல்லாம் வெட்டவெளியில் நின்று விடியலில் புறப்பட்ட விமானங்கள். அவள் அறையிலோ வருஷம் முழுக்க ஒரே இதம். ஒரு பெட்டியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து உறையவிட்டு, பிறகு இயக்கினாள். சூடேற ஏற எண்கள் நழுவின.

வீட்டில் சோறு இறங்கவில்லை. “இதே மாதிரி நான் கையெழுத்துப் போட்ட பெட்டி இன்னும் முப்பத்தெட்டு பறந்துக்கிட்டிருக்கு” என்றாள், பேருந்து ஓட்டும் கணவனிடம்.

“உன்னை யாரும் கேக்கலையே?”

“அதாங்க உறுத்துது.”

மறுநாளே எழுதிக் கொடுத்தாள்: எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்க வேண்டும், உறைகுளிர் முதல் கடும் வெப்பம் வரை படிப்படியாகப் பிசகை அளந்து, அந்த அட்டவணையைப் பெட்டியின் நினைவகத்தில் ஏற்ற வேண்டும், அப்போது சூட்டுக்கேற்ப அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பெட்டிக்கு ஒன்றரை நாள் ஆகுமே. தப்பு உங்க மேலன்னு நீங்களே எழுதித் தர்றீங்களா?”

“முறை தப்புன்னு எழுதியிருக்கேன் சார். கையெழுத்து என்னோடது, அவ்வளவுதான்.”

திரும்பி வந்த மூன்றில் ஒன்றை அப்படியே திருத்திக் காட்டினாள். அதன் விலகல் மணிக்கு ஒரு மைலுக்குள் அடங்கியதும் மேலாளர் இறங்கி வந்தார். மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. ஐந்து மாதம் அதுவே கதி. “ஒருத்தரால எல்லாருக்கும் வேலை ரெட்டிப்பு” என்று அவள் காதுபடவே முணுமுணுத்தார் பக்கத்து மேசைக்காரர்.

புதிய முறை எல்லா மேசைக்கும் விதியானது. பதவி உயர்வு மட்டும் பக்கத்து மேசைக்குப் போனது. இரண்டு நாள் அவளுக்கு ஆறவில்லை. மூன்றாம் நாள் அந்த மனிதரே அட்டவணைத் தாளோடு வந்து தயங்கி நின்றார்.

“அக்கா, இந்த வரி எப்படி வந்துச்சுன்னு பிடிபடலை.”

அவள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.