தபிதாள் சோதிக்காத வீடு

புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தபிதாள் முதலில் சுவரைப் பார்க்கமாட்டாள். அந்த வீட்டு ஆட்களின் மூக்கைத்தான் பார்ப்பாள். "அப்படியே ஒரு நிமிசம் நில்லுங்க. உங்களுக்கு இன்னா வாசனை வருதுன்னு சொல்லுங்க" என்பாள். நனைந்த சாக்கு என்பார் ஒருவர், எலி செத்த வாடை என்பார் இன்னொருவர். ஏதோ பரீட்சை வைக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கவனமாகப் பதில் சொல்வார்கள்.

பரீட்சையெல்லாம் ஒன்றுமில்லை. தபிதாளுக்கு வாசனையே தெரியாது.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது போனது. அப்போது அவள் திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காய்ச்சல் விட்டது, உடம்பு தேறியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, சமையலறை முழுக்கப் புகை மண்டியிருக்கிறது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான் (பால் என்றுதான் அவனுக்கும் பெயர்). அன்று தபிதாள் தரையில் உட்கார்ந்து அழுத அழுகையை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் பாதி செத்துட்டேங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதன்பிறகு அந்த வீட்டில் மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

பரிசோதனை நிலையத்தை மூடியபோது சென்னைக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. பழைய வீடுகளில் காற்றையும் பூஞ்சையையும் சோதிக்கிற கம்பெனி. ஊசி முனையுள்ள மீட்டரைச் சுவரில் அழுத்தி ஈரம் பார்க்க வேண்டும். சின்ன டமாரம் மாதிரி இருக்கும் மெஷினை அறையின் நடுவில் வைத்தால், காற்றை உறிஞ்சி ஒரு ப்ளேட்டின் மேல் ஊதும். ப்ளேட்டில் ஜெல்லி போலப் பூசிய உணவு இருக்கும். காற்றில் மிதக்கும் பூஞ்சை விதைகள் அதில் விழுந்து சில நாளில் முளைத்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக்கு வெளியிலும் ஒரு ப்ளேட் வைப்பாள். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, ரயிலேறிச் சென்னை லேபில் கொடுத்துவிட்டு வருவாள். மூக்கு இல்லாததைக் கம்பெனியிடம் அவள் சொல்லவில்லை. மெஷினுக்குத்தான் மூக்கு இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வேலையில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தாள். மேட்டுத் தெருவில் தேவயானி என்று ஒரு அம்மா. மலைக்கோயிலுக்கு மாலை கட்டிக்கொடுக்கும் குடும்பம். படுக்கையறையில் படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மா சொல்ல, வீட்டில் காத்து கருப்பு என்று முடிவுகட்டி வாசலில் பூசணிக்காயும் கட்டிவிட்டார்கள். தபிதாள் பீரோவை நகர்த்தச் சொன்னாள். பின்சுவர் ஆளுயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றியதும் தேவயானிக்கு மூச்சு சீரானது.

நன்றி சொல்ல வேண்டுமென்று, பழமும் பூவுமாக அந்த அம்மா ஒரு நாள் தபிதாளின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள்.

அரக்கோணம் ரோட்டுக்குப் பின்னால், சர்ச்சை ஒட்டிய சந்தில் இருந்தது அந்த வீடு. மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்த பாலின் தாத்தா கட்டியது. மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு. கொரோனாவுக்கு முந்தின வருஷம் தபிதாள்தான் ஆசைப்பட்டு முன்னறைக்கு வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங் போட்டாள். உத்தரங்களெல்லாம் மறைந்தன. கீழே ஏசி வந்தது. பால் கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன். கம்ப்யூட்டரில் தூசி படியக்கூடாதென்று அந்த அறையின் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

"உள்ள வாங்கம்மா" என்று தபிதாள் கூப்பிட்டாள். வாசற்படியில் ஒரு கால் வைத்த தேவயானியின் மூக்கு சுருங்கியது. முந்தானையை எடுத்து வாயோரம் வைத்துக்கொண்டாள். "இல்லம்மா, வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகணும். நேரமாச்சு" என்று பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் படியிலிருந்தே திரும்பிவிட்டாள்.

மூக்கைப் பார்த்தே பிழைக்கிறவள் அதைப் பார்க்காமல் இருப்பாளா? பார்த்தாள். ஆனால் அன்று காலையில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கோயில் குடும்பம், வேதக்காரர் வீட்டுக் கருவாட்டு நாற்றம் ஆகவில்லை போலும் என்று நினைத்தாள். காது சூடேறியது. "அவங்க வூட்டு அழுக்குச் செவுத்தத் தடவிப் பாக்கறதுக்கு நான் வேணும். என் வூட்டுக்குள்ள கால் வெக்க மட்டும் ஆவாது" என்று பாலிடம் பொருமினாள்.

பால் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவில்லை. "வுடு தபி" என்றான். பிறகு இருமினான்.

அந்த இருமல் ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. பாலுக்குக் கனத்த குரல். சர்ச் பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் அவன்தான். கிறிஸ்மஸ் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே பாட்டின் நடுவில் நின்றுவிட்டான். அடுத்த வரியை மற்றவர்கள் பாடினார்கள், அவன் வாய் மட்டும் அசைந்தது. குளிர் என்றார்கள். அப்புறம் சளி. எடை குறையத் தொடங்கியதும் காசநோயாக இருக்குமோ என்று பயந்து சளியைச் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. தபிதாளுக்கு நிம்மதி. ஆனால் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஜெபக்கூட்டத்துக்குக் கீபோர்டு வாசிக்கப் போய், ஒரு வாரம் அங்கேயே தங்கினான். முகம் தெளிந்து, வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பி வந்தான். ஜெபத்தின் பலன் என்றார் போதகர். வந்த மறுநாளே பழையபடி இழுப்பு. வெளியூர் போனால் தேறுகிறதா, வீட்டுக்கு வந்தால் மோசமாகிறதா என்று ஊர் வீடுகளிலெல்லாம் கேட்கிற கேள்வியைத் தபிதாள் தன் வீட்டில் கேட்கவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்த களைப்பு என்றே நினைத்தாள்.

கடைசியில் வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் படத்தை விளக்கொளியில் மாட்டிவைத்துப் பார்த்த பெண் டாக்டர், "மூச்சுல போற ஏதோ தூசி ஒத்துக்காம நுரையீரல் கெட்டிருக்கு. வீட்ல புறா வளக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சுவர்ல ஈரம், பூஞ்சை எதாவது?"

பால் வாயைத் திறப்பதற்குள் தபிதாள் முந்திக்கொண்டாள். "இல்ல டாக்டர். நான் பாக்கற வேலையே அதாங்க. பழைய வூடுங்கள்ல பூஞ்சை டெஸ்ட் பண்றேன்."

"அப்ப உங்க வீட்டை டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சா?"

தபிதாள் பக்கத்தில் திரும்பினாள். பால் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணி எடுக்கப் பஸ்ஸில் திரும்பும் வழியில் தங்கை எவாஞ்சலினுக்குப் போன் செய்தாள். பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். லீவு விட்டால் குழந்தையோடு வந்து டேரா போடுகிறவள் இரண்டு வருஷமாக வரவே இல்லை.

"ஏண்டி, நீ ஏன் எங்க வூட்டுக்கு வர்றதில்ல?"

"வேலைதான்க்கா" என்றாள் எவாஞ்சலின், தறிச் சத்தத்துக்கு நடுவே.

"உண்மையச் சொல்லு எவா."

"அக்கா, கோச்சிக்காத. உன் வூட்ல ஒரு நாத்தம் வருது. ஈரத்துணிய வருசக்கணக்கா மூட்டை கட்டி வெச்ச மாதிரி. முன்ரூம்புல நிக்க முடியல. பாப்பாவுக்கு வந்த அன்னிக்கே இழுப்பு வந்துடுச்சு. நான் சொல்லலாம்னுதான் வந்தேன். பால் பாவாதான் வேணாம்னுட்டாரு."

"ஏன் வேணாம்னாரு?"

"அவ மூக்கப் பத்தி அவகிட்ட ஆரும் பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்னாரு. நீ வேலைக்குப் போனப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலத் தொறந்து வெச்சு வாசனை ஸ்ப்ரே அடிச்சுட்டு மறுபடியும் சாத்திக்குவாரு. அதுவுமில்லாம..." எவாஞ்சலின் தயங்கினாள். "ஊரு வூட்டையெல்லாம் பாக்கறவ நீ. உனக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டோம்."

தபிதாள் பூட்டைத் திறந்து முன்னறையின் நடுவில் நின்றாள். வெள்ளைக் கூரை, ஒரு கறையில்லை. மூச்சை ஆழமாக இழுத்தாள், எப்போதும் போல ஒன்றுமே தெரியவில்லை. அத்தனை நாளும் வெறும் காற்றாக இருந்த அதைத் திரும்ப உள்ளே இழுக்க இப்போது பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் காலி ஸ்ப்ரே டப்பாக்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. முகமூடியை மாட்டிக்கொண்டு மெஷினை வைத்தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு ப்ளேட். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மெஷின் உறுமி உறுமி அந்த அறையின் காற்றைக் குடித்தது. வேலை முடியும்வரை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

லேபிலிருந்து போன் வந்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். பேசியது மோனிஷா, ப்ளேட் பார்க்கிற பெண்.

"மேடம், இந்த ரெண்டு ப்ளேட்ல அட்ரஸ் எழுதாம விட்டுட்டீங்க. வெளி ப்ளேட் நார்மல்தான். உள்ள வெச்சது இருக்கே... எண்ணவே முடியல மேடம். எடமே இல்லாம பச்சையும் கறுப்புமா வளந்து மூடியத் தொட்டுகினு நிக்குது. இது எந்த வீடு?"

"திருத்தணிதாம்மா."

"ஆளுங்க இன்னும் அதுல இருக்காங்களா? உடனே வெளிய வரச் சொல்லுங்க மேடம்."

"சொல்றேன்" என்றாள் தபிதாள்.

வீட்டுச் சுவர்களில் மீட்டர் ஈரம் காட்டவில்லை, மிச்சம் மேலேதான். ஒரு ஆளை வைத்துக்கொண்டு, முகமூடியும் கண்ணாடியும் மாட்டி, முன்னறை சீலிங்கில் விளக்குப் பக்கத்தில் ஒரு பலகையைக் கழற்றினாள். பலகை கையோடு பிய்ந்து வந்தது. கீழே வழவழவென்றிருந்த அதன் மேல்முகம் முழுக்க ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி ரோமம் முளைத்திருந்தது. டார்ச் அடித்தாள். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, ஆள் தவழும் அளவுக்கு இருந்த இருட்டு முழுவதும் அதுதான். உத்தரங்கள் கறுத்துப் பஞ்சு போலாகிவிட்டிருந்தன. மச்சின் வெடிப்பு வழியே இறங்கிய மழைத்தண்ணீர் வருஷாவருஷம் அங்கேயே தங்கி, வெளியே போக வழியில்லாமல் ஊறிக் கிடந்திருக்கிறது. ஏசிக்கு நேர் மேலேதான் கனம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியாக அங்கிருந்து தூள் இறங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழேதான் பாலின் நாற்காலி. கூட வந்த ஆள், "எக்கா, நான் இதத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏணியை அப்படியே விட்டு வெளியே போய்விட்டான்.

பாலை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் மாடி வீடு ஒன்றைப் பிடித்து அங்கே கொண்டுபோய் இறக்கினாள். அவள் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், ஆனால் படியேறி வந்து அவன் மூச்சு வாங்கிய வாங்கலில் பாதி கரைந்துபோனது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அன்னிக்குப் பால் தீஞ்சப்ப நீ அழுதத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது தபி. சும்மா ஈர வாடைதானே, வெயில் வந்தா போயிடும்னு நெனச்சேன்."

"வெயிலு எத்தினி வந்துச்சு? உங்க நெஞ்சு போச்சே."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாத்திரைகளால் இருமல் அடங்கியது. நுரையீரலில் விழுந்த வடு ஆறாது, இதற்கு மேல் பரவாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பால் இப்போது சர்ச்சில் கீபோர்டு மட்டும் வாசிக்கிறான், பாடுவதில்லை. தபிதாள் கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். வேலையை விட்டு நிறுத்தவில்லை, கூட ஒரு ஆளை அனுப்புகிறார்கள். தேவயானியைத் தேடிப்போய், உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னாள். அந்த அம்மாவுக்கு எதைச் சொல்கிறாள் என்று முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வாடிப்போயிற்று. "வாசப்படியிலயே சொல்லியிருக்கணும்மா. குப்புன்னு அடிச்சுது. டெஸ்ட் பண்றவங்க வூட்டப் போயி நாம எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிகினு வந்துட்டேன்" என்று அழுதாள்.

வீட்டின் சீலிங்கைப் பிரித்து எறிந்தார்கள். உளுத்த உத்தரங்களை மாற்றி, மச்சை உரித்துப் புதிதாகப் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் முழுக்கத் தபிதாள் ப்ளேட் வைத்துப் பார்த்தாள். உள்ளே வைத்ததும் வேப்பமரத்தடியில் வைத்ததும் ஒன்றுபோலவே வந்தன. இனிக் குடிபோகலாம் என்றாள் மோனிஷா.

தை பிறந்ததும் ஒரு காலையில் பாலை அங்கே அழைத்துப் போனாள். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. வெறும் தரையில் வெயில் விழுந்துகிடந்தது. பால் நடுவில் போய் நின்று அண்ணாந்து தாத்தா காலத்துக் கூரையைப் பார்த்தான்.

"இன்னா வாசனை வருதுங்க?"

அவன் மெதுவாக மூச்சை இழுத்தான். அவனால் இழுக்க முடிந்தது அவ்வளவுதான். "ஒன்னுமில்ல தபி. சுண்ணாம்பு வாசனை மட்டும் லேசா வருது" என்று சொல்லிச் சிரித்தான்.

வாடையை அவன் மறைத்த நாட்களில், அதே சிரிப்பைத்தான் அவள் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் பார்த்திருந்தாள். ப்ளேட் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். அவன் பொய் சொல்வான். அவள் தானும் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பும் இல்லை, வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை.

"வாங்க, போலாம்" என்றாள்.

"சாமானெல்லாம் எப்ப எடுத்துகினு வரது?"

"பாக்கலாம்" என்று ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தப் போனவள், சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, வாசலை மட்டும் பூட்டிக்கொண்டு அவனோடு தெருவில் இறங்கினாள்.