எந்தக் காலில் கிளம்புவது?

என் அண்ணன் வீடு வீடாக முட்டை போடுபவன். சைக்கிள் கேரியரில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கயிறு கட்டிக் காலையில் கிளம்பினால் மதியம்தான் திரும்புவான். அண்ணி இறந்த பிறகு வாசல்களில் பேசும் பேச்சுதான் அவனுக்குப் பேச்சு. வலது முட்டி வலித்து வேலை சுணங்கியதும் முதலாளி சொல்லிவிட்டார்: "இனியும் லேட்டானா வெளிய போக வேணாம். குடோன்ல உக்காந்து முட்டை அடுக்கு." அண்ணன் ஆடிப்போய்விட்டான்.

வலி என்றால் யோசனை சொல்லாத வாய் உண்டா? டாக்டர், "சீட்டை ஏத்துங்க, மிதி கீழ போறப்ப கால் நல்லா நீளணும்" என்றார். ஏற்றினான். முதல் வாசலிலேயே கால் தரைக்கு எட்டாமல் ஒரு அட்டை முட்டையோடு சாய்ந்தான். சீட்டைப் பாதி இறக்கிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரர், "நடுப்பாதத்தால மிதிக்காதே, முன்பாதத்தால மிதி" என்றார். என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "மிதிச்சா மட்டும் போதுமா மச்சான்? மேல வர்ற காலையும் தூக்கணும். வட்டமா சுத்தணும்" என்றார். இவர் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யப் போய், இத்தனை வருடம் தானாக ஓடிய கால் தடுமாறிவிட்டது. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடி திருதிருவென்று விழித்தான்.

"பாப்பா, நான் எந்தக் கால்ல கிளம்புவேன்?"

"உன் காலு, என்னைக் கேட்டா?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு யோசித்தால், நான் எந்தக் காலில் கிளம்புவேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேசாமல் கேரியரைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். சைக்கிள் போனது.

நான் வேலைக்குப் போவதும் அதே தெரு வழியாகத்தான்; பின்னாலேயே நடந்தேன். அடுத்த வாசலில் தையல்கார அம்மா முட்டையை வாங்கிக்கொண்டு, "என்னப்பா, கிளம்பலையா?" என்றார்.

"கால் குழம்பிப்போச்சும்மா."

அவர் இறங்கி வந்து தள்ளிவிட்டார். அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரரும் தன் வாசலில் தள்ளினார். பிறகு தெருவே கை கொடுத்தது.

மதியம் அண்ணன் நேரத்தோடு வந்தான்.

"வலியே இல்ல பாப்பா. சீட்டா, முன்பாதமா, வட்டமா? எதுக்குக் கேட்டுச்சுன்னுதான் புரியல."

சுமையோடு நிற்கிற வண்டியை வாசலுக்கு வாசல் எம்பி நகர்த்தும் அந்த முதல் மிதிதான் இத்தனை நாள் அவன் முட்டியைப் பதம் பார்த்திருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தள்ளினதால்தான் வலி போனது என்று தெரிந்தால், ரோஷக்காரன், நாளைக்கு யாரையும் தள்ள விடமாட்டான்.