பார்ப்போடு நின்ற விரால்

கொத்தமங்கலத்தில் ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில் போன வாரம் கல்யாண விருந்து. சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போது, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் மண்டப விதானத்தில் இருந்த மச்சாவதார ஓவியம். அதன் கீழே ஒரு பித்தளைத் தகடு. இந்த ஓவியத்தில் இருப்பது விரால் மீன் என்று முதலில் கண்டறிந்தவர் இன்னார் என ஒரு பேராசிரியரின் பெயரை அதில் செதுக்கியிருந்தார்கள். எச்சில் கை காய்ந்து இழுக்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன் போல. பின்னால் வந்தவர், “குழாய் அங்குட்டு இருக்குங்க” என்றார்.

குழாய் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த மீனைக் கண்டறிந்தது யார் என்பதும் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன்பு நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வேலை போய் வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும். அந்தச் சமயத்தில்தான் கோயில் ஓவியங்களைப் பற்றிப் புத்தகம் எழுதப் பேராசிரியர் சென்னையிலிருந்து வந்தார். விதானத்தில் வெள்ளத்துக்கு நடுவே ஒரு பெரிய மீன் வாயைத் திறந்திருக்கும். அந்த வாயிலிருந்து பெருமாள் இடுப்புக்கு மேல் எழுந்து நிற்பார். மீனைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாக ஏராளமான பொட்டுகள். பிரளயத்தில் சிதறிய மாணிக்கங்கள் என்று பேராசிரியர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார். என்ன மீன் என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டும்.

சொன்னேனே! அவர் அனுப்பிய புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, செதில்களை எண்ணி, சேல்கெண்டை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஓடுவதை விளக்குக் கரி மறைத்திருந்தது என்று இப்போது சாக்குச் சொல்லலாம். உண்மை வேறு. எனக்குத் தெரிந்த விரால் எங்கள் ஆய்வகத்து பாட்டிலில் வெளுத்துக் கிடந்த விரால்தான். அந்த ஃபார்மலின் வாடை இன்றும் மூக்கில் இருக்கிறது. உயிரோடு ஒரு விராலை நீரில் நான் பார்த்ததே கிடையாது.

மார்க்கெட்டில் நான் வாடிக்கையாக மீன் வாங்குவது முத்துராக்கு அக்காவிடம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கண்மாய் மீன் மட்டும்தான் விற்பார். பையில் இருந்த புகைப்படத்தைப் பெருமைக்காகத்தான் அவரிடம் காட்டி, கெண்டை என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“கெண்டைன்னா எழுதிக் குடுத்தீக? மண்டையப் பாருங்க டீச்சர், பாம்பு மண்ட. இது வெரா. பார்ப்போட நிக்கிற வெரா.”

பார்ப்பு என்றால் குஞ்சு. விரால் குஞ்சுகள் சிவப்பாக இருக்கும், பந்து மாதிரி சேர்ந்தே அலையும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மாணிக்கமாவது மண்ணாவது! பேராசிரியருக்கு போன் செய்தேன். அடுத்த வாரமே வந்துவிட்டார். அந்த அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

முத்துராக்கு அக்கா அன்று கடை போடவில்லை. தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பட்டுக்கரைச் சேலை கட்டி, கையில் தேங்காய் பழத்தோடு வந்தார். கோயில் மேனேஜர் வாசலிலேயே மறித்தார். ஞாயிறு தவறாமல் அக்காவிடம் வாங்குகிறவர்தான் அவர்.

“மீன்காரம்மாவ எதுக்குக் கூட்டியாந்தீக? வாசல்ல நின்னு கும்புட்டுட்டுப் போகச் சொல்லுங்க.”

பேராசிரியர் தன் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தார். நானும் அந்தக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷ வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார்.

அக்கா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. “சாமியே மீனாத்தான வந்திருக்காரு? மீன் விக்கிறவ வந்தா ஆகாதாக்கும்?” என்று கேட்டுவிட்டு மேனேஜரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். “ஒத்தையில நிக்காதே இது. சோடி எங்கன?” என்றபடி என் டார்ச்சை வாங்கி மூலை மூலையாக அடித்தார். எல்லாரும் வௌவால் எச்சம் என்று விட்டிருந்த ஒரு மூலையில் வெளிச்சம் நின்றது. “அந்தா பாருங்க வாலு.” பேராசிரியர் ஏணியில் ஏறி விளக்கைப் பிடித்தார். வால், துடுப்பு, பிறகு ஒரு கண். இத்தனை காலமாகக் கரிக்குள் இன்னொரு விரால் நின்றிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் குஞ்சுகள்.

“பார்ப்பு விட்டா ரெண்டும் வெலகாது டீச்சர். கைய விட்டாக் கடிச்சுப்புடும். நாங்களும் அதுகளப் புடிக்க மாட்டோம், பாவம். ஒலகம் முழுகையில காப்பாத்த வந்த சாமிக்குச் சித்திரக்காரன் வேற எந்த மீன எழுதுவான்?”

பேராசிரியர் வேகவேகமாகக் குறித்துக்கொண்டார்.

புத்தகம் வந்தது. இரண்டு விரால், குஞ்சுகள், காவல், அக்கா சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்கூட, எல்லாம் இருந்தது. எல்லாம் பேராசிரியரின் நெடுநாள் கள ஆய்வில் தெரியவந்ததாக இருந்தது. நன்றிப் பட்டியலில் என் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. பேராசிரியருக்கு போன் செய்து கேட்டேன். “மீன் விக்கிற அம்மா சொன்னாங்கன்னு போட்டா, படிக்கிறவங்க எப்படிம்மா ஏத்துப்பாங்க?” என்றார். எத்தனை நிதானம் அந்தக் குரலில்! பதிப்பகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. விஷயத்தை அக்காவிடம் சொன்னபோது அவர் கத்தியைக் கீழே வைத்தார். “ஒரு வரி எழுதுனா அவரு கை தேஞ்சா போயிரும்?” மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

பிறகு குடமுழுக்கு வந்தது. திருப்பணி முடிந்ததும் பார்த்துவரலாம் என்று நானும் அக்காவும் போனோம். விதானம் முழுக்க எனாமல் பெயின்ட். பெருமாளுக்குக் கீழே தங்க நிறத்தில் ஒரு மீன், உதட்டுச்சாயம் பூசி, கண்ணுக்கு இமைமுடி வைத்து. குஞ்சுகள் இருந்த இடத்தில் நீல அலைகள். இரண்டாவது விராலின் மேல் ஒரு பெரிய தாமரை.

மேனேஜர் பக்கத்தில் வந்து, “இப்பத்தான் பளிச்சுன்னு இருக்குல்ல?” என்றார்.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. குருடா, கொலைகாரா என்ற வார்த்தைகள் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். தூணோரம் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். “கோயிலுக்குள்ள சத்தம் போடாதீக” என்று மேனேஜர் பின்வாங்கிக்கொண்டே போனார்.

வெளியே செருப்பு மாட்டும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “படத்துக்குப் போடுறீகளே இந்தச் சத்தத்த, அன்னைக்கு வாசல்ல எனக்காகப் போட்டிருக்கலாம்ல?”

அதற்குப் பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்கென்றே இரண்டு முறை மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போதே கண்மாய்களைக் குத்தகைக்கு எடுத்து ஜிலேபி மீன் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள், விரால் வரத்து குறைந்திருந்தது. மூன்றாம் முறை போனபோது அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவர் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். முத்துராக்கு அக்கா எங்கே என்று கேட்டேன்.

“அது யாருங்க?” என்றார்.