மாமாவுக்கு மேலே அருவி

காலையிலிருந்து வீடெல்லாம் ஈரத் துண்டு வாடை. குற்றாலம் போகலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, என் மகள் துண்டை இப்போதே நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அருவியில் குளிக்க விடுகிறார்களா, வெள்ளம் என்று தடையா? அது தெரியாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா? வாட்ஸ்அப்பில் 'குற்றாலம் சீசன்' குழுவைத் திறந்தேன். தண்ணீர் பொங்கும் வீடியோ ஒன்று. நேற்று எடுத்ததா, போன வருஷமா என்று அந்த அருவிக்கே தெரியாது.

இந்தக் கவலைக்கு நான் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கினேன்.

கல்லூரி முடித்ததும், குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அலுவலகம் தென்காசியில், ஒரு அல்வாக் கடை மாடியில். மற்ற தளங்களில் எது புதிதாக வந்தாலும் அதன் தலைப்பு ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற இணைய வசதி வழியாகத் தானாகவே எங்கள் பக்கத்தில் வந்து விழும். செய்தி, வானிலை, அருவி நிலவரம் என்று பெட்டி பெட்டியாக அடுக்கவேண்டியது என் பொறுப்பு. அவசரமானது மேலே இருக்கவேண்டும் என்றுதான் நான் படித்திருந்தேன்.

அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை மாதிரி அடுக்கச் சொன்னார். முதலில் அவருடைய தாய்மாமன். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த அந்த மாமா, பழத்தின் விலையையும் சொந்தப் பொன்மொழிகளையும் வலைப்பூவில் எழுதிவந்தார். அடுத்து மைத்துனரின் ஜோசியப் பக்கம். அருவி நிலவரம் கடைசியில், 'மற்றும் உற்றார் உறவினர்' நிற்கும் இடத்தில்.

சீசனில் ஒருநாள் வெள்ளம் வந்து குளிக்கத் தடை. சிவகாசிக்காரர் ஒருவர் போன் செய்தார்.

“ஏம்மா, கைப்பிள்ளையோட வேன்ல வந்து நிக்கோம். ஒங்க பக்கத்துல தண்ணி விழுதான்னு பாத்தா எலுமிச்சம்பழம்லா விழுது.”

அருவிப் பெட்டியை மேலே ஏற்றட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“மாமாவக் கீழ எறக்கவா? நாளைக்கு எம்மவ கல்யாணத்துல அவரு மொறச்சுக்கிட்டு உக்காந்தா நீ வந்து சமாதானம் பண்ணுவியா?”

“பத்திரிகையில மாமாவுக்கு மேல சாமி பேரு போடுவாங்கல்லா, அண்ணாச்சி?”

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமிக்கு மேல யாரு இருக்கா. போடு.”

உச்சியில் 'குற்றாலநாதர் துணை' என்று போட்டு, அதை ஒட்டி, மாமாவுக்கு மேலே, அருவிப் பெட்டியை வைத்தேன். பக்கம் இப்போதுதான் மங்களகரமாக இருக்கிறது என்று மாமாவே பாராட்டினாராம். சாமியை இதற்கெல்லாம் இழுக்கலாமா என்று நான் மட்டும் பல நாள் யோசித்தேன். தடை என்று பார்த்தவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

இன்று அந்த முகவரியைத் தட்டினால் யாரோ கூந்தல் தைலம் விற்கிறார்கள். பெட்டிகள் போயின. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே பொடி எழுத்தில் நின்ற தேதியும் நேரமும் போயின. மாமா போகவில்லை. அந்த வாட்ஸ்அப் குழுவை நடத்துவது அண்ணாச்சிதான். மாமாவின் காலை வணக்கத்தை எப்போதும் உச்சியிலேயே நிற்கும்படி குத்தி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே ஒருவர் தடை என்கிறார், அடுத்தவர் இல்லை என்கிறார்.

“தண்ணி விழுதாம்மா?” என்கிறாள் மகள்.

அவள் துண்டிலிருந்து வாசற்படியில் விழுகிறது. தேதி, நேரத்தோடு என்னால் சொல்ல முடிந்த நிலவரம் அது ஒன்றுதான்.