ஒரே பெயரில் இரண்டு பயணிகள்

செபு துறைமுகத்தின் மரப்பெஞ்சில் அந்தக் கிழவர் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். பெயர் கிரிசாந்தோ அபெல்லானோசா. இரண்டு கண்ணிலும் புரை. கமோட்டெஸ் தீவிலிருந்து கண் அறுவைக்காக வந்தவர்.

"தாத்தா, கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள் ரோவெனா.

"மகன் வந்தான்மா. படகு ஏறுறப்போ, இந்தப் பேர்ல லிஸ்ட்ல ஒரே ஆளுதான்னு அவனை நிறுத்திட்டாங்க. டிக்கெட் அவன் கையிலதான் இருந்துச்சு."

மகன் பெயரும் கிரிசாந்தோ அபெல்லானோசாதான்.

ரோவெனாவுக்கு உடனே சந்தேகம் வந்தது. படகு டிக்கெட் மென்பொருளில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். தரவுத்தளத்திலிருந்து பயணிகளின் பெயர்களை எடுத்துத் தரும் நிரல் அவள் எழுதியது. தீவிலிருந்து புகார் வந்ததும் பக்கத்திலிருந்த அலுவலகத்திலிருந்து ஓடி வந்திருந்தாள்.

கிழவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கையெழுத்துப் போட உறவினர் இல்லை என்று அறுவையை மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். கிழவர் தலையை மட்டும் ஆட்டினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுவலகம் திரும்பினால் மின்னஞ்சல் காத்திருந்தது: 'ரோவெனாவின் கவனக்குறைவு.' அனுப்பியவர் குழுத் தலைவர் நெஸ்டர்.

நிரலைத் திறந்து பார்த்தாள். அவள் 'லிஸ்ட்' என்று எழுதிய இடத்தில் 'செட்' என்று இருந்தது. லிஸ்ட் வந்ததையெல்லாம் அப்படியே தரும். செட்டோ ஒன்றுபோல இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஓசையில்லாமல் தள்ளிவிடும். அந்த நிரலில் பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று. அவள் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்த வெள்ளிக்கிழமை அதை மாற்றியவர் நெஸ்டர் என்று நிரலின் பதிவில் இருந்தது.

நேரே அவர் மேசைக்குப் போனாள். அலுவலகத்தில் அவரை எல்லாரும் 'நோங்', அதாவது அண்ணன், என்பார்கள்; அவளைச் சுருக்கமாக வெங் என்பார்கள்.

"நோங் நெஸ்டர், இதை யாரு மாத்துனது?"

"அட, விடு வெங். லிஸ்ட்ல ஒரே ஆளு பேரு ரெண்டு தடவை வந்துச்சு, துறைமுகத்துக்காரன் கத்துனான். செட்டுன்னு போட்டேன், நின்னுபோச்சு. சின்ன விஷயம்."

"சின்ன விஷயமா? ரெண்டு மூட்டை கொண்டுவந்த ஆளு, மூட்டைக்கு ஒரு வரின்னு ரெண்டு தடவை வந்தான். மூட்டையைப் பிரிச்சு எடுக்கிற மாதிரி, தரவுத்தளத்துக்குப் போற கேள்வியைத் திருத்தியிருக்கணும். நீங்க ஆளையே தூக்கிட்டீங்க! கண்ணு தெரியாத மனுசன் பெஞ்சுல கெடந்தாரு. பழி மட்டும் எனக்கா?"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். மெயிலை வாபஸ் வாங்குங்க. அதுவரைக்கும் நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

அவள் கணினியை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மதியம் வரை ஒரு வரியும் எழுதவில்லை. கடைசியில் இரண்டாவது மின்னஞ்சல் வந்தது: 'தொழில்நுட்பக் கோளாறு.' அவள் பெயர் இல்லை. அவர் பெயரும் இல்லை. படித்ததும் முதல் நாளைவிட அதிகமாக எரிந்தது.

ஆனாலும் உட்கார்ந்து திருத்தினாள். திரும்பவும் லிஸ்ட். டிக்கெட் எண்ணுக்கு ஒரு வரி, மூட்டை எத்தனை இருந்தாலும். பிறகு மகனுக்குப் போன் போட்டு, "உங்க டிக்கெட்ல ஒரு தப்பும் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அவசரத்துல மாத்திட்டாரு," என்றாள்.

"இதையாவது சொன்னீங்களே," என்றான் அவன், கசப்பாக.

மூன்று வாரம் கழித்து அப்பாவும் மகனும் ஒரே படகில் வந்து சேர்ந்தார்கள். அறுவை நன்றாக முடிந்தது. லிஃப்டில் நெஸ்டர் இன்றும் வணக்கம் சொல்கிறார். ரோவெனா பதில் சொல்வதில்லை.